சைலன்சரை மாத்தியாச்சு, இசியுவுக்கு யார் சொல்வது?

வடசென்னையில், திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ எந்த டூவீலர் பட்டறை வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும்.

"அண்ணா, சைலன்சர் மாத்துனேன். ஆக்ஸிலேட்டர வுட்டா டப்பு டப்புன்னு வெடிக்குது. டியூனிங் பண்ணணுமா?"

"இன்னா போட்ட?"

"ஷார்ட் பாட்டில்ணா."

"சரி, பெண்ட் பைப்பும் மாத்திட்டியா, இல்ல அது கம்பெனிதா?"

பெண்ட் பைப் என்பது எஞ்சினிலிருந்து சைலன்சர் வரை புகையைக் கொண்டுவரும் வளைந்த குழாய். பையன்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கேள்வியைக் காதில் வாங்குவதில்லை. ஆனால் டியூனிங், அதாவது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் அளவைத் திருத்துவது, தேவையா, தேவையென்றால் எவ்வளவு என்பதில் பாதிக்கு மேல் அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது. ஏன் என்று புரிய, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டி தனக்கு வேண்டிய பெட்ரோலை எப்படி அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

புல்லட்டுக்கும் இந்தப் பகுதிக்கும் 1955 முதலே உறவு. இந்தியப் புல்லட் தயாரிப்பு தொடங்கியதே திருவொற்றியூரில்தான். கார்புரேட்டர் காலத்தில் சைலன்சரை மாற்றினால் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றிப் போடுவார்கள். ஏர் ஸ்க்ரூவைத் திருகி, காதை வைத்து ஐட்லிங் பிடிப்பார்கள். ஒரு ரவுண்டு போய் வந்து பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பார்கள். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி 2020 ஏப்ரலில் வந்த பிறகு விற்கும் புது பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே இன்ஜெக்‌ஷன்தான். அதில் திருக ஸ்க்ரூ கிடையாது, மாற்ற ஜெட் கிடையாது. இருப்பது இசியு என்கிற ஒரு சின்னப் பெட்டி, எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர். அதற்குள் ஓர் அட்டவணை.

அட்டவணைக்குள் என்ன இருக்கிறது

349 சிசி எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சிலிண்டர் ஒரு தடவை முழுதாகக் காற்றை இழுத்தால், நம்மூர் வெயிலில் அந்தக் காற்றின் எடை ஏறக்குறைய 0.4 கிராம். பெட்ரோல் மிச்சம் மீதியில்லாமல் எரிய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எடைக் கணக்கில். 0.4-ஐ 14.7-ஆல் வகுத்தால் 27 மில்லிகிராம் பெட்ரோல். ஒரு சொட்டுகூட இல்லை. எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிஷத்துக்கு 3000 சுற்றில், ஓடும்போது இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை என்ற கணக்கில் இந்த அளவை ஒரு நொடிக்கு 25 தடவை அளந்து பீய்ச்ச வேண்டும்.

இன்ஜெக்டர் என்பது மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு வால்வு. பின்னாலிருந்து பம்ப் ஒரே அழுத்தத்தில் தள்ளிக்கொண்டிருப்பதால், எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு பெட்ரோல் உள்ளே போகும். எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வதுதான் இசியுவின் வேலை. அதற்கு உதவுவது அந்த அட்டவணை. டியூனர்கள் மேப் என்பார்கள். ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் த்ராட்டில் (ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் திறக்கும் காற்று வாசல்) எத்தனை சதவீதம் திறந்திருக்கிறது அல்லது காற்று உள்ளே போகும் இன்டேக்கில் எவ்வளவு அழுத்தம் என்ற கணக்கு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு எண் இருக்கும். அதோடு காற்றின் சூடு, எஞ்சினின் சூடு, பேட்டரி வோல்ட்டேஜ் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கூட்டிக் கழித்து இன்ஜெக்டரைத் திறக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது, பெரும்பாலான பைக்குகளில் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும் கருவி இல்லை. "4000 ஆர்பிஎம், த்ராட்டில் 40 சதவீதம் என்றால் இவ்வளவு காற்று வந்திருக்கும்" என்று கம்பெனி சோதனைக்கூடத்தில் அளந்து எழுதி வைத்ததை நம்பித்தான் வண்டி ஓடுகிறது. அளந்தபோது வண்டியில் இருந்தது கம்பெனி சைலன்சர். நீங்கள் அதைக் கழற்றி வேறொன்று மாட்டியது அந்த அட்டவணைக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரே ஒரு வழி

பெண்ட் பைப்பில் ஸ்பார்க் பிளக் மாதிரி ஒன்று திருகப்பட்டு ஒயர் போகும், பார்த்திருப்பீர்கள். அதுதான் ஓ2 சென்சார். எரிந்து வெளியேறும் புகையில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை மோப்பம் பிடிப்பது. பைக்குகளில் வழக்கமாக இருக்கும் வகை 0.1 முதல் 0.9 வோல்ட் வரை சொல்லும். சுமார் 0.45-க்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம், அதாவது ரிச். கீழே போனால் காற்று அதிகம், அதாவது லீன். எவ்வளவு அதிகம் என்று அதற்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கூடியதா குறைந்ததா, அவ்வளவுதான் அதன் பாஷை. அதைக் கேட்டு இசியு பெட்ரோலைக் கொஞ்சம் குறைக்கும், கொஞ்சம் கூட்டும், மறுபடி குறைக்கும். இந்தச் சுற்றுக்கு குளோஸ்டு லூப் என்று பெயர்.

அளவுச்சீட்டைப் பார்த்துச் சமைக்கிறவர், நடுவில் கரண்டியில் எடுத்து ருசி பார்த்து உப்பைச் சரி செய்வதைப் போல. ஆனால் இந்தச் சமையல்காரர் எல்லா நேரமும் ருசி பார்ப்பதில்லை.

ஐட்லிங்கில், நிதானமான ஓட்டத்தில், லேசான த்ராட்டிலில் மட்டும்தான் சென்சார் சொல்வது எடுபடும். த்ராட்டிலை நன்றாக முறுக்கினால் எஞ்சினுக்கு வேண்டியது கொஞ்சம் ரிச்சான கலவை; 14.7 அல்ல, 13-க்குப் பக்கம். இந்த வகை சென்சார் 14.7-க்கு இந்தப்பக்கமா அந்தப்பக்கமா என்று மட்டும் சொல்வதால், 13-ஐப் பிடித்து நிறுத்த அதனால் ஆகாது. ஆகவே அந்த நேரத்தில் இசியு சென்சாரை ஒதுக்கிவிட்டு அட்டவணையை மட்டும் பார்க்கும். இது ஓப்பன் லூப்.

மிண்ட்டிலிருந்து மூலக்கடை வரை டிராஃபிக்கில் ஊர்ந்து போகும் வண்டி பெரும்பாலும் குளோஸ்டு லூப்பில்தான் இருக்கும். எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லரை முந்த முறுக்கினீர்கள் என்றால் ஓப்பன் லூப்புக்குப் போய்விடும். சைலன்சர் மாற்றியபின் "சிட்டியில நல்லாத்தான் போகுது, முறுக்குனா மட்டும் ஏதோ இடிக்குது" என்று சொல்கிறார்களே, அதற்கு இதுதான் பல சமயம் காரணம். மெதுவாகப் போகும்போது சென்சார் காப்பாற்றுகிறது. முறுக்கும்போது பழைய அட்டவணை தனியாக நிற்கிறது. சில இசியுக்கள் குளோஸ்டு லூப்பில் கற்றுக்கொண்ட திருத்தத்தை முழுத் திறப்பிலும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும். அது வண்டிக்கு வண்டி மாறும். எதிலும் திருத்தத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் மீட்டரில் எஞ்சின் லைட் எரியும்.

பைப்பை மாற்றினால் உண்மையில் என்ன மாறுகிறது

"ஃப்ரீ ஃப்ளோ போட்டா புகை சுளுவா வெளிய போவும், அதனால பவர்" என்பது பாதி உண்மை. (ஃப்ரீ ஃப்ளோ என்றால் புகையை அதிகம் தடுக்காமல் விடும் சைலன்சர்.) அதே பட்டறையில் இன்னொருவர் "பேக் பிரஷர் இல்லன்னா டார்க் போயிடும்" என்பார். புகைக்குப் பைப் கொடுக்கும் எதிர்ப்பு இல்லையென்றால் இழுவை போய்விடும் என்கிறார். அதுவும் பாதி. முழுக் கதை அலையில் இருக்கிறது.

எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் ஓர் அழுத்த அலை பைப்பில் ஓடுகிறது. சூடான புகைக்குள் அதன் வேகம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர். பைப் அகலமாகத் திறக்கும் இடத்தை அடைந்ததும் அந்த அலை திரும்புகிறது, உறிஞ்சும் அலையாக. சரியான நேரத்துக்கு வால்வை வந்து அடைந்தால் மிச்சப் புகையை வெளியே இழுத்து, புதுக் காற்று கூடுதலாக உள்ளே வர உதவும். தப்பான நேரத்துக்கு வந்தால் உதவி இல்லை. சில சமயம் இடைஞ்சல்.

ஒரு மீட்டர் பைப் என்று வைத்தால் போய்வர 4 மில்லிசெகண்ட். 5000 ஆர்பிஎம்மில் அந்த நேரத்துக்குள் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் 120 டிகிரி சுற்றிவிடும். 3000-ல் 72 டிகிரிதான். ஆக ஒரே பைப் ஒரு வேகத்தில் உதவும், இன்னொரு வேகத்தில் உதவாது. நீளத்தையோ விட்டத்தையோ மாற்றினால் உதவும் இடம் நகர்கிறது. எஞ்சினுக்குள் போகும் காற்று எல்லா ஆர்பிஎம்மிலும் ஒரே அளவு கூடுவதில்லை. ஒரு இடத்தில் கூடும், ஒரு இடத்தில் குறையக்கூடச் செய்யும். "மொத்தமா பத்து பர்சன்ட் பெட்ரோல் ஏத்திவுட்டேன்" என்று சொல்லும் டியூனரிடம் எனக்கு நம்பிக்கை வராததற்கு இதுதான் காரணம்.

இப்போது "பெண்ட் பைப்பும் மாத்திட்டியா" என்ற அந்தக் கேள்விக்கு வரலாம். பெண்ட் பைப் கம்பெனியுடையதாக இருந்து, பின்னால் சைலன்சர் மட்டும் மாறியிருந்தால், பல வண்டிகளில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிஸ்ட் முன்னாலேயே இருப்பதால் அலையின் போக்கு பெரிதாக மாறாது. சத்தம் மாறும். காற்றளவு கொஞ்சம்தான் மாறும். சென்சார் பெரும்பகுதியைச் சமாளித்துவிடும். 20 பிஎச்பி எஞ்சினில் இதனால் கிடைக்கும் பவர் பின்சீட்டில் ஆள் ஏறினால் காணாமல் போகிற அளவுதான். என் அபிப்பிராயம், இதற்கு மட்டும் டியூனிங்குக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். பெண்ட் பைப்பையும் மாற்றி, கேட்டலிஸ்ட்டும் போய், கூடவே ஏர் ஃபில்டரும் ஓப்பன் வகை என்றால் கதை வேறு. அப்போது மேப் திருத்தாமல் ஓட்டக்கூடாது.

டியூனிங்குக்கு முன்னால் சோப்புத் தண்ணி

சைலன்சர் மாற்றியபின் வரும் தொல்லைகளில் நிறைய, மேப்பால் வருவதில்லை. லீக்கால் வருகிறது. எஞ்சின் ஹெட்டில் பெண்ட் பைப் உட்காரும் இடத்தில் ஒரு கேஸ்கெட் வளையம் இருக்கிறது. பைப்பைக் கழற்றினால் அதைப் புதிதாகப் போட வேண்டும். நசுங்கிய பழையதையே மறுபடி போட்டு இறுக்கினால் நூல் அளவுக்கு இடைவெளி நிற்கும்.

அதிலிருந்து புகை வெளியே வருவது மட்டும் பிரச்சினை என்றால் பரவாயில்லை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பின்னால் உறிஞ்சும் அலை வருகிறது என்று பார்த்தோம். அந்த நேரத்தில் வெளிக்காற்று அந்த இடைவெளி வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. பக்கத்திலேயே இருக்கும் ஓ2 சென்சார் அந்த ஆக்ஸிஜனைப் பார்த்து "லீன்" என்கிறது. இசியு பெட்ரோலை ஏற்றுகிறது. இல்லாத லீனுக்கு மருந்து. மைலேஜ் விழும், பெட்ரோல் வாசனை அடிக்கும், பிளக் கறுக்கும். ஓட்டுகிறவரோ "லீனா இருக்கு, இன்னும் ஏத்துங்க" என்று டியூனரிடம் போவார்.

கண்டுபிடிக்க லேப்டாப் வேண்டாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, எஞ்சின் ஜில்லென்று இருக்க வேண்டும். ஒரு பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு சோப்புத் தண்ணீரை ஹெட் ஜாயின்ட், பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்ப், சென்சார் மரை மூன்றிலும் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து உடனே குனிந்து பாருங்கள். லீக் இருந்தால் அந்த இடத்தில் முட்டை முட்டையாக நுரை கிளம்பும். அரை நிமிஷம்தான் கிடைக்கும். அதற்குள் பைப் சூடாகித் தண்ணீர் ஆவியாகிவிடும். கை வைக்காதீர்கள். ஓடிய வண்டியில் ஜாயின்ட்டைச் சுற்றிக் கரி கோடு இழுத்திருந்தாலும் அதே செய்திதான். காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் வெல்டிங் ஓரத்தில் துரு பிடித்து ஊசித்துளை விழுவது உண்டு, அதையும் பாருங்கள்.

இன்னொன்று, வெளியில் வாங்கும் சில பெண்ட் பைப்புகளில் சென்சாருக்கு இடமே இருக்காது. லேத்துக் கடையில் நட்டு வெல்டு பண்ணிக்கொள்ள வேண்டிவரும். ஹெட்டிலிருந்து வெகுதூரம் தள்ளி வைத்தால் சென்சார் போதிய சூடு ஏறாமல் தூங்கும். பைப்புக்கு அடிப்பக்கம் வைத்தால் காலையில் தேங்கும் தண்ணீரில் நனைந்து உள்ளே இருக்கும் பீங்கான் வெடிக்கும். கம்பெனி பைப்பில் இருந்த தூரத்தையே பிடித்து, மேல்பக்கம் சாய்வாக வைப்பது நல்லது. சென்சாரைக் கழற்றி ஒயரைக் கட்டித் தொங்கவிட்டு ஓட்டுவதை டியூனிங் என்று யாரும் சொன்னால் அங்கிருந்து வண்டியை எடுத்துவிடுங்கள்.

மேப்பைத் திருத்துவது எப்படி

வழிகள் இரண்டு. ஒன்று, இசியுவுக்குள்ளேயே மேப்பை மாற்றி எழுதுவது. ஃபிளாஷ் அல்லது ரீமேப் என்பார்கள். எல்லா இசியுவும் இதற்கு இடம் கொடுக்காது. இன்னொன்று பிக்கிபேக். இசியுவுக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் ஒரு பெட்டியை மாட்டி, இசியு 4 மில்லிசெகண்ட் என்று சொன்னால் அதை 4.3 ஆக நீட்டி அனுப்புவது. பெங்களூரு ரேஸ் டைனமிக்ஸின் பவர்டிரானிக், ஃபியூல்எக்ஸ் பெயர்களை நம்ம பையன்கள் அறிவார்கள். பிக்கிபேக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. குளோஸ்டு லூப்பில் பெட்டி கூட்டியதைச் சென்சார் பார்த்துச் சொல்லிவிடும், இசியு திரும்பக் குறைத்துவிடும். அதனால் இந்தப் பெட்டிகள் சென்சார் சிக்னலையும் சேர்த்துக் கையாள வேண்டியிருக்கிறது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் "பவர் சிப்" பலவும் வெறும் ரெசிஸ்டர்தான். காற்று ஜில்லென்று இருப்பதாக இசியுவிடம் பொய் சொல்லி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பெட்ரோல் ஏற்றும். காசைக் கொட்டாதீர்கள்.

ஒழுங்கான டியூனிங், எஞ்சின் பவரை அளக்கும் மேடையான டைனோவில் நடக்கும். பின்சக்கரம் உருளை மேல். வண்டியின் சென்சார் போதாது என்பதால் வைட்பேண்ட் என்ற வேறு வகை சென்சாரைக் கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் பொருத்துவார்கள். எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று எண்ணாகவே சொல்லும். பிறகு ஒவ்வொரு கட்டமாக, இந்த ஆர்பிஎம், இந்த த்ராட்டில் என்று எஞ்சினை நிறுத்திப் பிடித்து அளப்பார்கள்.

கணக்கு எளிது. டியூனர்கள் 14.7 என்பதற்குப் பதில் லாம்டா என்று பேசுவார்கள். பெட்ரோலும் காற்றும் சரியாகத் தீரும் கலவை லாம்டா 1. குறைந்தால் ரிச், கூடினால் லீன். முழுத் திறப்பில் 0.88 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளந்தால் 0.96 காட்டுகிறது. 0.96-ஐ 0.88-ஆல் வகுத்தால் 1.09. அந்தக் கட்டத்தில் பெட்ரோலை 9 சதவீதம் ஏற்ற வேண்டும். பக்கத்துக் கட்டத்தில் 4 சதவீதம் போதும் என்று வரலாம். அதற்கடுத்ததில் குறைக்கவே சொல்லலாம். இப்படியே அட்டவணை முழுக்க.

லாம்டாவில் பேசுவதில் இன்னொரு லாபம். இப்போது பங்கில் வருவது இ20, 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். சரியான விகிதம் 14.7 அல்ல, 13.5 பக்கம். மீட்டரில் 14.7 என்ற எண்ணைப் பிடித்துத் தொங்கினால் குழப்பம்தான். லாம்டா 1 என்பது எந்தப் பெட்ரோலுக்கும் 1.

டப்பு டப்பு

ஆக்ஸிலேட்டரை விடும்போது வரும் வெடிச்சத்தத்துக்கு லீன்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பல வண்டிகளில் புகையைச் சுத்தமாக்க எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் புதுக் காற்றை விடும் ஒரு வால்வை கம்பெனியே வைத்திருக்கிறது. த்ராட்டிலை மூடும்போது எரியாமல் தப்பும் கொஞ்சம் பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து பைப்பில் பற்றும். கம்பெனி சைலன்சர் அந்தச் சத்தத்தை விழுங்கிவிடும், ஃப்ரீ ஃப்ளோ விழுங்காது. லீக் இல்லை, முறுக்கும்போது இழுவை சுத்தமாக இருக்கிறது என்றால் லேசான வெடியால் எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை. அதை அடக்குவதற்காக மேப்பில் பெட்ரோலைக் கொட்டுவதுதான் கெடுதல்.

பெண்ட் பைப் நீலமாவதும் அப்படித்தான். கம்பெனி பைப்புகள் பலவற்றில் இரட்டைச் சுவர். வெளிச்சுவர் அவ்வளவு சூடாகாது. ஒற்றைச் சுவர் ஸ்டீல் பைப் நல்ல மேப்பிலும் நிறம் மாறும். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு: பாரம் ஏற்றி, உயர்ந்த கியரில், நன்றாக முறுக்கும்போது எஞ்சினிலிருந்து கோலிக்குண்டைக் குலுக்குவது போல் கிணுகிணுவென்று தட்டல் வந்தால் உடனே த்ராட்டிலைக் குறையுங்கள். அந்தத் தட்டலுக்குப் பெயர் நாக்கிங், பிஸ்டனைத் தின்பது அதுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கம்பெனி அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. 190(2)-ன்படி சத்தத்துக்கும் புகைக்கும் முதல் தடவையிலேயே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. லைசென்சும் மூன்று மாதம் போகும். மணலியும் எண்ணூரும் விடும் புகையை ஏற்கெனவே சுவாசிக்கிற ஊரில், கேட்டலிஸ்ட்டைக் கழற்றுவது எனக்கு ஒப்பவில்லை. சத்தத்துக்கு ஆசை என்றால் டிபி கில்லர் என்ற சத்தம் குறைக்கும் செருகலோடு வரும் சைலன்சரைப் பின்னால் மட்டும் மாட்டி, பெண்ட் பைப்பைத் தொடாமல் விடுங்கள்.

தொட்டுத்தான் ஆக வேண்டும் என்று போகிறவர்கள் டியூனரிடம் முதலில் பழைய மேப்பைக் காப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். திருத்துவதற்கு முன், பின் லாம்டா கோடு இரண்டையும் ஒரே தாளில் கேளுங்கள். குதிரைசக்தி கோட்டை மட்டும் நீட்டுகிறவர் பெட்ரோலை அளக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஏர் ஃபில்டர் மாற்றும் எண்ணம் இருந்தால் அதை மாற்றிய பிறகே டைனோவுக்குப் போங்கள், இல்லையென்றால் இரண்டு தடவை காசு. கழற்றிய கம்பெனி பைப்பைக் காயலாங்கடையில் போடாதீர்கள்.